113 சதவீதம் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள்: விளைச்சல் கணக்குப் போடுவது எப்படி?

என் பழைய வேதியியல் நோட்டில் ஒரு பக்கத்தில் '113%' என்று எழுதியிருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்தபோது நான் தயாரித்த ஆஸ்பிரினின் விளைச்சல் அது, அதாவது கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் நூற்றுக்கு எவ்வளவு கைக்கு வந்தது என்பது. அன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. வடிதாளிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொடியைத் தராசில் வைத்தேன். 2.95 கிராம். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிகம். அவசரமாகக் கணக்குப் போட்டு, பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, வட்டம் மட்டும் போட்டார். ஆய்வக உதவியாளர் அண்ணாச்சிதான் பொடியைக் கண்ணாடிக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறாய்."

சேரன்மகாதேவியில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான். சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். சூத்திரத்துக்குள் எந்த எண்ணை எங்கிருந்து எடுத்துப் போடுவது என்பதுதான் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடமும் பல சிவப்பு வட்டங்களும் ஆயின. பிளஸ் ஒன்னில் வேதியியல் எடுத்திருப்பவர்களுக்கும், கல்லூரியில் முதல் முறையாகத் தராசின் முன்னால் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பொருள்களின் பெயரைச் சொல்லாகவே தருகிறேன். குறியீடுகளை நீங்களே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு பயிற்சிதான்.

1. கணக்குக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அப்சர்வேஷன் நோட்டு. துண்டுச் சீட்டில் எடையைக் குறித்துக்கொண்டு பிறகு நோட்டில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சீட்டு சலவைக்குப் போன சட்டைப் பையிலிருந்துதான் திரும்பக் கிடைக்கும். தராசு காட்டும் எண்ணைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதுங்கள். அழித்தெழுதிய எண்ணை எந்தத் தேர்வாளரும் நம்பமாட்டார்.

இரண்டாவது, புட்டியின் லேபிள். பலர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடியைத் திறந்துவிடுகிறார்கள். லேபிளில் இருந்து மூன்று விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: மோலார் நிறை (ஒரு மோல் எத்தனை கிராம் என்பது, மோல் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்), தூய்மைச் சதவீதம், வாய்ப்பாட்டில் படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே சேர்ந்திருக்கும் நீர், ஒட்டியிருக்கிறதா என்பது. திரவமாக இருந்தால் அடர்த்தியும் வேண்டும். லேபிளில் அடர்த்தி இல்லையென்றால் உதவியாளரிடம் கேளுங்கள். உத்தேசமாக எதையும் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, அறிவியல் கால்குலேட்டர். தேர்வில் அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மடக்கை அட்டவணை பார்க்கப் பழக வேண்டியிருக்கும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும். செலவு என்று பார்த்தால் கால்குலேட்டர், வெள்ளைக் கோட்டு, இரண்டு நோட்டுகள், அவ்வளவுதான். சீனியர் அக்காவிடம் பழைய கோட்டைக் கேட்டு வாங்கினால் அதிலும் பாதி மிச்சம். நான் அப்படித்தான் வாங்கினேன். முழங்கையில் நைட்ரிக் அமில ஓட்டை ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது.

2. கிராமை மோலாக்குங்கள்

வெற்றிலைக் கடையில் கிலோ கணக்கில் யாரும் வெற்றிலை கேட்பதில்லை. கவுளிதான் கணக்கு. நூறு வெற்றிலை ஒரு கவுளி. கொழுந்து வெற்றிலைக் கவுளி லேசாக இருக்கும், முற்றிய வெற்றிலைக் கவுளி கனக்கும். ஆனால் இரண்டிலும் இலை நூறுதான். மோலும் அப்படிப்பட்ட ஓர் எண்ணிக்கைதான். எந்தப் பொருளானாலும் ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றே, எடைதான் பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு மோல் இரும்பு 55.85 கிராம், ஒரு மோல் தாமிரம் 63.55 கிராம்.

வினையில் துகள்கள் எண்ணிக்கை பார்த்துத்தான் சேர்கின்றன, எடை பார்த்து அல்ல. ஆகவே எந்தக் கணக்கிலும் முதல் வேலை இதுதான்:

மோல் = கிராம் ÷ மோலார் நிறை

திரவமாக இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு:

கிராம் = மில்லிலிட்டர் × அடர்த்தி

5 மில்லிலிட்டரை 5 கிராம் என்று எழுதிவிடுவது மிகப் பழைய தவறு. தண்ணீருக்கு அது ஒத்துவருவதால் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்று கை பழகிவிடுகிறது. அசிட்டிக் அன்ஹைட்ரைடின் அடர்த்தி 1.08. அதில் 5 மி.லி. என்றால் 5.40 கிராம்.

தூய்மையையும் இங்கேயே கழித்துவிடுங்கள். லேபிளில் 98 சதவீதம் என்று இருந்தால், நீங்கள் எடுத்த 10 கிராமில் உண்மையான பொருள் 9.8 கிராம்தான்.

3. சமன்பாட்டின் முன்னால் நிற்கும் எண்ணைப் பாருங்கள்

ஆய்வகத்தில் முதலில் வரும் பல வினைகளில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம்தான் இருக்கும். அதனால் சமன்பாட்டைச் சமன் செய்யாமலேயே விடை சரியாக வந்துவிடும், நமக்கும் தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம் ஆப்பச் சோடாவிடம் செல்லாது.

ஆப்பச் சோடாவைச் சூடாக்கினால் சலவைச் சோடாவும் நீராவியும் கரியமில வாயுவும் கிடைக்கும். சமன் செய்து பார்த்தால் இரண்டு மோல் ஆப்பச் சோடாவுக்கு ஒரு மோல் சலவைச் சோடா. ஆப்பச் சோடாவின் மோலார் நிறை 84, சலவைச் சோடாவின் மோலார் நிறை 106. நீங்கள் 8.40 கிராம் எடுத்தால் அது 0.100 மோல். கிடைக்க வேண்டிய சலவைச் சோடா அதில் பாதி, 0.0500 மோல், அதாவது 5.30 கிராம்.

அந்த '2'-ஐ மறந்தவர் 10.60 கிராம் என்று எழுதுவார். ஒரு நிமிடம் நின்று யோசித்தால் போதும். சூடாக்கும்போது ஆவியும் வாயுவும் வெளியேறுகின்றன. 8.40 கிராம் உள்ளே போய் 10.60 கிராம் எப்படி வெளியே வரும்? விடை வந்தவுடன் போட்டதையும் வந்ததையும் இப்படி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலைதான், தேர்வில் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

4. எது முதலில் தீரும் என்று கண்டுபிடியுங்கள்

நம் பக்கத்துக் கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். 150 இலை இருக்கிறது, 260 அப்பளம் இருக்கிறது. ஆளுக்கு ஓர் இலை, இரண்டு அப்பளம். எத்தனை பேருக்குக் குறைவில்லாமல் பரிமாறலாம்? 130 பேருக்கு. எண்ணிக்கையில் அதிகமாக இருந்த அப்பளம்தான் முதலில் தீர்ந்தது, 20 இலை மிஞ்சியது. பந்தியை நிறுத்தியது அப்பளம். வேதிவினையில் இப்படி முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருளைப் பாடநூல் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறது. விளைச்சல் கணக்கை எப்போதும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும், மிஞ்சும் பொருளிலிருந்து அல்ல.

கண்டுபிடிக்கும் முறை எளிது. ஒவ்வொரு வினைபடுபொருளின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள். எது சிறியதோ அதுவே கட்டுப்படுத்துவது. கிராமைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மயில்துத்தக் கரைசலில் இரும்புத் தூளைப் போட்டுத் தாமிரம் எடுக்கும் சோதனையில்தான் நான் இரண்டாவது முறை விழுந்தேன். 10.00 கிராம் மயில்துத்தம், 3.00 கிராம் இரும்புத் தூள். ஒன்றுக்கு ஒன்று விகிதம். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட்தானே என்று அதன் மோலார் நிறையை 159.6 என்று எடுத்துக்கொண்டேன். 10.00 ÷ 159.6 = 0.0627 மோல். இரும்பு 3.00 ÷ 55.85 = 0.0537 மோல். இரும்பு சிறியது, அதுவே முதலில் தீரும், 3.41 கிராம் தாமிரம் வர வேண்டும் என்று எழுதினேன். கைக்குக் கிடைத்தது 2.30 கிராம். 67 சதவீதம். எங்கேயோ கொட்டிவிட்டோம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

எதுவும் கொட்டவில்லை. அந்த நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. நீலமே அந்த நீரால்தான். சூடாக்கி நீரைப் போக்கினால் வெளுத்துவிடும். நீரோடு சேர்த்து மோலார் நிறை 249.7. அப்படியானால் 10.00 கிராம் என்பது 0.04005 மோல் மட்டுமே. முதலில் தீர்வது இரும்பல்ல, மயில்துத்தம். கிடைக்க வேண்டிய தாமிரம் 2.55 கிராம், விளைச்சல் 90 சதவீதம். ஒரு மோலார் நிறையைத் தவறாக எடுத்ததில் கட்டுப்படுத்தும் பொருளே மாறிப்போனது. லேபிளில் படிக நீரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதே சோதனையில் இன்னொரு பொறியும் உண்டு. மயில்துத்தம் முதலில் தீர்ந்தால் இரும்பு மிஞ்சும். இங்கே ஏறத்தாழ 0.76 கிராம். அது தாமிரத்தோடு கலந்து அடியில் கிடக்கும். அப்படியே எடை போட்டால் விளைச்சல் நூறைத் தாண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குமிழி நிற்கும்வரை வைத்திருங்கள், இரும்பு கரைந்துவிடும், தாமிரம் கரையாது. குமிழியாக வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது.

5. கிடைக்க வேண்டியதைக் கணக்கிடுங்கள்

இனி ஆஸ்பிரினுக்கே வருகிறேன். சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் சேர்ந்து ஆஸ்பிரினும் அசிட்டிக் அமிலமும் தரும். ஒன்றுக்கு ஒன்று. வேகமாக நடப்பதற்குச் சில துளி அடர் அமிலம் விடுவோம். அது வினையில் செலவாவதில்லை, கணக்கிலும் வராது.

சாலிசிலிக் அமிலம் 2.00 கிராம் ÷ 138.12 = 0.01448 மோல்
அசிட்டிக் அன்ஹைட்ரைடு 5.0 மி.லி. × 1.08 = 5.40 கிராம், 5.40 ÷ 102.09 = 0.0529 மோல்

சாலிசிலிக் அமிலம்தான் கட்டுப்படுத்துகிறது. அதிலிருந்து:

0.01448 × 180.16 = 2.61 கிராம் ஆஸ்பிரின்

ஒரு துகளும் வீணாகாமல் எல்லாம் வினைபுரிந்தால் கிடைக்கும் உச்ச அளவு இது. பாடநூலில் கோட்பாட்டு விளைச்சல் என்று இருக்கும்.

இடையில் எண்களைச் சுருக்காதீர்கள். 0.01448-ஐ 0.014 என்று சுருக்கிப் போட்டால் 2.52 கிராம் வரும், சதவீதம் இரண்டரைக்கு மேல் ஏறிவிடும். சுருக்குவது கடைசி வரியில் மட்டும்.

சிலர் இந்தக் கணக்கை ஆய்வகத்துக்குள் போய்ப் போடுகிறார்கள். முந்தின இரவே போட்டுவிட்டு வாருங்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், கல்லூரி அதற்குத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும். "அண்ணாச்சி, இன்னும் அஞ்சு மில்லி" என்று கேட்டால் எளிதில் கிடைக்காது. அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் காற்று இழுக்கும் மேடையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். அந்த மேடைக்கு வரிசை நிற்கும். வரிசையில் நின்றுகொண்டு கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

6. கிடைத்ததை எடை போடுங்கள்: அவசரம் வேண்டாம்

நேரம் எப்படிப் போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேர வகுப்பில் எடை போடக் கால் மணி, வெந்நீரில் குடுவையை வைத்துச் சூடாக்கக் கால் மணிக்கு மேல், பனிக்கட்டியில் குளிரவைத்துப் படிகம் இறங்க இன்னொரு இருபது நிமிடம், வடிகட்டிக் கழுவ அரை மணி. மிச்சம் தராசுக்கு முன்னால் காத்திருப்பது. உலர்த்துவதற்கு அந்த மூன்று மணிக்குள் இடமே இல்லை. அது மறுநாள் வேலை. திட்டத்தில் அந்த மறுநாளை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டுவதற்கு முன்னால் வெறும் வடிதாளையும் வாட்ச் கிளாஸையும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வடிகட்டிய பிறகு இந்த எடை நினைவுக்கு வந்து பயனில்லை. நனைந்த தாளிலிருந்து பொடியை முழுவதும் சுரண்டி எடுக்க முடியாது. சுரண்டினால் தாளின் நாரும் கூடவே வரும். தாளோடு சேர்த்து உலர்த்தி, தாளின் எடையைக் கழிப்பதே சரி.

கழுவும் தண்ணீர் பனிக்கட்டி போட்டதாக இருக்கட்டும். அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீரில் ஏறத்தாழ 0.3 கிராம் ஆஸ்பிரின் கரையும். தாராளமாக 50 மி.லி. விட்டுக் கழுவினால் 0.15 கிராம் வரை போய்விடலாம், 2.61-இல் அது கிட்டத்தட்ட ஆறு சதவீதம். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். அதில் கழுவினால் இன்னும் அதிகம் கரையும். என் தோழி ஒருத்தி அப்படித்தான் குழாயைத் திறந்து பளபளவென்று கழுவினாள். படிகம் அழகாக இருந்தது, பாதி இல்லை.

அடுத்து உலர்த்தல். ஒருமுறை எடை போட்டுவிட்டு அதை நம்பாதீர்கள். எடை போடுங்கள், உலர விடுங்கள், மறுபடி எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.01 கிராமுக்குள் ஒத்துவரும்வரை இதையே செய்யுங்கள். மேலே சொன்ன என் 113 சதவீத ஆஸ்பிரினை அண்ணாச்சி டெசிக்கேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கண்ணாடிப் பாத்திரம்) வைத்துக்கொடுத்தார். மறுநாள் காலை 2.08 கிராம். அன்று மாலை 1.97. அதற்கு மறுநாள் 1.96. நான் முதல் நாள் பெருமைப்பட்ட 2.95 கிராமில் ஏறத்தாழ ஒரு கிராம் மழைக்காலத் தண்ணீர்.

சீக்கிரம் முடிய வேண்டுமென்று ஈரமான ஆஸ்பிரினைச் சூடான அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து மறுபடி சாலிசிலிக் அமிலமாகும். தாமிரத் தூளுக்கும் இதே எச்சரிக்கை. திறந்த காற்றில் அதிகச் சூட்டில் உலர்த்தினால் செம்பழுப்பு கறுத்து ஆக்சைடாகும், எடை கூடும். ஐப்பசி, கார்த்திகையில் பொடி காய மறுக்கும். தென்காசிப் பக்கம் படிப்பவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலிலும் இதே கதைதான். அந்த மாதங்களில் டெசிக்கேட்டரில் முன்கூட்டியே இடம் பிடித்துவையுங்கள்.

தராசு அறையில் மின்விசிறி ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். கடைசி எண் ஆடிக்கொண்டே இருந்தால் காற்றுதான் காரணம்.

7. சதவீதம் போடுங்கள், வந்த எண்ணைப் படியுங்கள்

விளைச்சல் சதவீதம் = (கிடைத்தது ÷ கிடைக்க வேண்டியது) × 100

1.96 ÷ 2.61 × 100 = 75.1

இரண்டும் ஒரே பொருளாக, ஒரே அலகில் இருக்க வேண்டும். கிடைத்த ஆஸ்பிரினை, போட்ட சாலிசிலிக் அமிலத்தால் வகுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1.96 ÷ 2.00 = 98 என்று அழகான எண் வரும். அழகுக்கு மதிப்பெண் இல்லை.

குறைந்தால் பயப்பட வேண்டாம். வினை முழுமையாக நடக்காமல் இருந்திருக்கலாம், கழுவும்போது கரைந்திருக்கலாம், குடுவைச் சுவரில் ஒட்டியிருக்கலாம். காரணத்தை எழுதினால் தேர்வாளர் ஏற்றுக்கொள்வார். நூறைத் தாண்டினால்தான் பயப்பட வேண்டும். பொருளை உண்டாக்கும் வித்தை யாருக்கும் தெரியாது. எடையில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது: தண்ணீர், மிஞ்சிய வினைபடுபொருள், வடிதாள், அல்லது அசுத்தம்.

அசுத்தம் எப்படிக் கணக்கைக் கெடுக்கும் என்பதற்குச் சுண்ணாம்புக் காளவாயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தாழையூத்துப் பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லைப் போல ஒரு கல், அதில் கால்சியம் கார்பனேட் 92 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் கல்லில் 920 கிலோ கார்பனேட். 100 கிலோ கார்பனேட்டைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும். ஆகவே கிடைக்க வேண்டியது 515 கிலோ. ஆனால் காளவாயிலிருந்து அள்ளி எடை போட்டால் 595 கிலோவரை இருக்கும். ஏன்? மிச்ச 80 கிலோ மண்ணும் மணலும் எங்கும் போகவில்லை, அதுவும் கூடையில்தான் கிடக்கிறது. அப்படியே வகுத்தால் 115.5 சதவீதம். கிடைத்ததில் உண்மையான சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியே சோதித்து, அதைத்தான் மேலே போட வேண்டும். சுட்ட சுண்ணாம்பை மழைநாளில் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நீற்றுச் சுண்ணாம்பாகும். 56 கிலோ 74 கிலோவரை ஏறும். எடை போடுவதற்குள் நனைந்துவிட்ட சுண்ணாம்பு என் ஆஸ்பிரினின் அண்ணன்.

ஆய்வகத்தில் ஆஸ்பிரின் சுத்தமா என்று பார்க்க ஒரு சிறு வழி. துளி பொடியைக் கரைத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விடுங்கள். ஊதா நிறம் வந்தால் மாறாத சாலிசிலிக் அமிலம் இன்னும் இருக்கிறது. உங்கள் சதவீதத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

8. பின்னோக்கிக் கணக்கு: இவ்வளவு வேண்டுமென்றால் எவ்வளவு எடுப்பது?

பிராஜெக்ட் செய்பவர்களுக்கு இதுதான் அன்றாடம் வேண்டிய கணக்கு. 5.00 கிராம் ஆஸ்பிரின் தேவை, வழக்கமாக உங்கள் கைக்கு 75 சதவீதம்தான் வரும் என்று தெரியும். அப்படியானால் 5.00 ÷ 0.75 = 6.67 கிராமுக்குத் திட்டமிட வேண்டும். பெருக்கிவிடாதீர்கள். 0.75-ஆல் பெருக்கினால் தேவையைவிடக் குறைவாகத் திட்டமிட்டிருப்பீர்கள். இந்த இடத்தில் பெருக்கியவர்கள் வகுப்பில் பாதிப் பேர்.

6.67 ÷ 180.16 = 0.0370 மோல்
0.0370 × 138.12 = 5.11 கிராம் சாலிசிலிக் அமிலம்

புட்டியின் தூய்மை 99 சதவீதம் என்றால் 5.11 ÷ 0.99 = 5.16 கிராம். இங்கேயும் வகுத்தல்தான்.

அசிட்டிக் அன்ஹைட்ரைடு கணக்குப்படி 3.5 மி.லி. போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக விடுவோம், சாலிசிலிக் அமிலம் மிஞ்சாமல் தீர வேண்டும் என்பதற்காக. எதைக் கூடுதலாக விடலாம் என்பதை விலையையும், பின்னால் அதை எளிதாகப் பிரிக்க முடியுமா என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மிஞ்சும் அன்ஹைட்ரைடு தண்ணீர் ஊற்றினால் அசிட்டிக் அமிலமாகிக் கரைந்து போய்விடும். மிஞ்சும் சாலிசிலிக் அமிலம் ஆஸ்பிரினோடு படிகமாக உட்கார்ந்துகொள்ளும்.

விலைக் கணக்கையும் கையோடு போட்டுவிடுங்கள். 500 கிராம் புட்டி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிராம் 1.20 ரூபாய். 75 சதவீத விளைச்சலில் 5 கிராம் ஆஸ்பிரினுக்கு அமிலச் செலவு 6.13 ரூபாய். 50 சதவீதத்தில் 7.67 கிராம் அமிலம் வேண்டும், 9.20 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் பிராஜெக்ட்டில் இருபது முறை செய்யும்போது துறைத்தலைவர் கேட்பார்.

9. ரெக்கார்டு எழுதும்போது

அப்சர்வேஷனில் எழுதிய எடைகளை அப்படியே ஏற்றுங்கள். நண்பரின் ரெக்கார்டிலிருந்து எடைகளைப் பார்த்து எழுதாதீர்கள். முப்பது பேருக்கும் 1.96 கிராம் வந்தால் எந்த ஆசிரியருக்கும் புரியும். வரிசை இப்படி இருக்கட்டும்: சமன்பாடு, எடுத்த எடைகள், மோல்கள், எது முதலில் தீர்ந்தது, கிடைக்க வேண்டியது, வடிதாள் எடை, உலர்த்திய ஒவ்வொரு முறையும் தேதியோடு எடை, சதவீதம், குறைந்ததற்கோ கூடியதற்கோ காரணம். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் வரும்.

ரெக்கார்டில் கையெழுத்தும் போனஃபைடு சான்றும் இல்லாமல் செய்முறைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். ஒற்றைப்படைப் பருவத் தேர்வு மழைக்காலத்தில்தான் வரும். பொடி காயாது, ஆசிரியர் மேசையில் ரெக்கார்டுகள் குவியும். தேர்வுக்கு முந்தின வாரம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல், ஒவ்வொரு சோதனைக்கும் கடைசி எடை எழுதிய அன்றே கொண்டுபோய் நீட்டிவிடுங்கள்.